குழவி நின்றது, கல் சுழன்றது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்குத் தரப்பட்டிருப்பவை பன்னிரண்டு நிமிடங்கள். அவற்றில் இரண்டை வணக்கத்துக்குச் செலவிட்டால், நடுவர் மணியடிக்கும்போது என் அப்பத்தா பாதிக் கதையில் நின்றுவிடுவார். ஆகவே நேராக உள்ளே வருகிறேன்.

மனித வாழ்வைப் பெரிதும் உயர்த்தியது படைப்பாற்றலா, புத்தாக்கமா என்பது தலைப்பு. இல்லாத ஒன்றை மனத்தில் காண்பது படைப்பாற்றல் என்றும், கண்டதை நாலு பேர் கையில் பயன்படும் பொருளாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புத்தாக்கம் என்றும் நடுவர் தொடக்கத்திலேயே வரம்பு கட்டிக் கொடுத்துவிட்டார். நான் இரண்டாவது அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவியான பேராசிரியை, அரை மணி நேரத்தில் சொன்னவற்றில் இந்த அவை நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் என்பது எனக்குத் தெரியும். "புத்தாக்கம் என்பது வேறொன்றுமில்லை, நேற்று மீந்த இட்லியை இன்று உதிர்த்து, கடுகு தாளித்து, உப்புமா என்று பெயர் சூட்டுவதுதான்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. என் அணியில் எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து கைதட்டினார்; அவரை வெளியே போனபிறகு கவனித்துக்கொள்கிறேன்.

இட்லி உப்புமாவை இழிவாகப் பேசுகிறவர்கள் இரண்டு வகையினர். வீட்டில் இட்லி மீந்ததே இல்லாதவர்கள் ஒரு வகை. மீந்ததை வேறு யாரோ கவனித்துக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவர்கள் இன்னொரு வகை. பேராசிரியை எந்த வகை என்று நான் கேட்கமாட்டேன். அவருடைய வீட்டுக்காரர் மூன்றாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நடுவர் விரும்பினால் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் உப்புமாவுக்கு வாதாட வரவில்லை. உப்புமா வரை போன பேராசிரியை, ஒரு படி முன்னால் இறங்கி, அந்த இட்லிக்கு மாவு அரைத்தது யார் என்று கேட்டிருந்தால், இந்தப் பட்டிமன்றம் அப்போதே முடிந்திருக்கும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் பத்துப் பேர். கொல்லைப்புறத்தில் வேப்பமரத்தடியில் ஆட்டுக்கல். அரிசி ஊறி, உளுந்து ஊறி, பிற்பகல் வெயில் சாயும் நேரத்தில் அப்பத்தா அதன்முன் உட்காருவார். வலக்கை குழவியைச் சுற்ற, இடக்கை மாவைத் தள்ளிவிட, இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு மயிரிழை தவறினால் விரல் நசுங்கும் என்ற நிலையில், உளுந்துக்கு ஒரு மணி நேரம், அரிசிக்கு இன்னொரு மணி நேரம் என்று அந்தக் குழவி சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் விளைவாக அப்பத்தாவின் வலது உள்ளங்கையில் விரல்களுக்கு அடியில் நான்கு காய்ப்புகள் வரிசையாக நின்றன. சிறுவயதில் எனக்கு முதுகு அரித்தால் நான் ஓடுவது அந்தக் கையிடம்தான். நகமே படாமல் சொரிந்துவிட வேறு யாராலும் முடியாது.

பிறகு, 1988-இல், என் அப்பா தவணையில் ஒரு சாய்க்கும் கிரைண்டர் வாங்கினார். நான்கு ஆள்கள் சேர்ந்து வண்டியிலிருந்து இறக்கினார்கள். தெருவே கூடியது. கூடிய நேரத்தில், வழக்கம்போல, மின்சாரம் போனது. அப்பத்தாவுக்கு அப்போது இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அவர் திண்ணையில் அமர்ந்தபடி, "எந்திரம் அரைச்ச மாவுல இட்லி சுட்டா, அந்த இட்லியை வச்சுச் சுவரே கட்டலாம்" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

மாலை மின்சாரம் வந்தது, மாவு அரைபட்டது. அப்பத்தா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்து அதில் விட்டார். கண் தெரியாதவர் எப்படிப் பார்ப்பார்? விரலால் தண்ணீரின் மேற்பரப்பைத் தடவினார். மாவு மிதந்தது. முகத்தில் ஒரு சிறு தோல்வி. மறுநாள் காலையில் ஒன்பது இட்லி சாப்பிட்டார். பத்தாவதைக் கையில் எடுத்து, பிட்டு, வாயில் போட்டு, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, "மாவு நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கூட" என்றார்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும். இன்னொரு முறை சொல்கிறேன். கிரைண்டரில் குறை கண்டுபிடிக்க ஒன்பது இட்லி வரை முயன்று முடியாமல் போன என் அப்பத்தா, பத்தாவது இட்லியில், "உப்புதான் கூட" என்றார். உப்புப் போட்டது கிரைண்டர் அன்று, என் அம்மா. அது வேறு பட்டிமன்றம். அதற்குத் தலைப்பும் வேறு, நடுவராக வருவதற்குத் துணிந்தவர் எவரும் எங்கள் ஊரில் இல்லை.

இப்போது பேராசிரியை கேட்கலாம்: கிரைண்டரைக் கண்டுபிடித்தது படைப்பாற்றல் அல்லவா? கேட்கவேண்டிய கேள்விதான். கோயம்புத்தூரில் 1955-இல் இதை முதலில் செய்தவர் சபாபதி என்று சொல்வார்கள். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். மனிதக் கை குழவியைப் பிடித்துச் சுற்றுவதைப் போலவே ஓர் இயந்திரக் கையைச் செய்யப்போனால் அது பெரும்பாடு. அதற்கு மாறாக, குழவியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்றவிட்டால், மாவு தானாகவே குழவிக்கடியில் வந்து மாட்டிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக ஒரே பக்கம் பார்த்துப் பழகிய ஒரு வேலையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்த அந்த ஒரு கணம் இருக்கிறதே, அது அப்பழுக்கற்ற படைப்பாற்றல். அதை முழுமனத்துடன் எதிரணிக்கே தந்துவிடுகிறேன், நடுவர் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் 1955-இல் கோயம்புத்தூரில் சுழன்ற கல், அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர 33 ஆண்டுகள் ஆயின. அந்த 33 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைத்தான் பேராசிரியை உப்புமா என்றார். பம்புசெட்டுக்கு மோட்டார் செய்து பழகிய பட்டறைகள் அந்த ஊரில் இருந்தன. இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலைகள் இருந்தன. கருங்கல்லைக் கொத்தி உருட்டத் தெரிந்த கைகள் இருந்தன. கல்தொட்டியிலிருந்து மாவை வழித்தெடுப்பதற்குள் இடுப்பு ஒடிகிறது என்று பெண்கள் சொன்னதைக் காதில் வாங்கிய யாரோ ஒருவர், தொட்டியையே சாய்த்துவிட்டால் என்ன என்று யோசித்தார். நகரத்து அடுக்களை சிறியது என்று கண்ட இன்னொருவர், அதை மேடைமேல் உட்காரும் அளவுக்குச் சுருக்கினார். தவணை முறையை ஒரு கடைக்காரர் கொண்டுவந்தார். பெல்ட் அறுந்தால் மாற்றித்தர ஒவ்வோர் ஊரிலும் ஒரு மெக்கானிக் முளைத்தார். இவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரு தனிமனிதரின் மூளைக்கு அன்று, ஓர் ஊரின் உழைப்புக்குக் கிடைத்த பட்டயம் அது.

ஜோசப் ஷும்பீட்டர் என்ற ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர், புத்தாக்கம் என்றால் புதிய பொருள் மட்டும் அன்று, புதிய உற்பத்தி முறையும், புதிய சந்தையும், மூலப்பொருளுக்குப் புதிய வழியும், தொழிலைப் புதிதாக அமைப்பதும் அதில் அடங்கும் என்று 1911-லேயே எழுதினார். பட்டிமன்றத்தில் ஆஸ்திரியரின் பெயரைச் சொன்னால் கூட்டம் தண்ணீர் குடிக்க எழுந்துவிடும் என்பதால் நம் ஊருக்கே வருகிறேன். ஷாம்பூவைக் கண்டுபிடித்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன் அல்லர். அதைச் சிறு பொட்டலத்தில் அடைத்தவர் அவர். பாட்டில் வாங்க வழியில்லாத வீட்டுப் பெண்ணும் பண்டிகைக்குத் தலைக்கு நுரை போட்டுக் குளித்தது அந்தப் பொட்டலத்தால்தான். பேராசிரியையின் கணக்கில் இதுவும் உப்புமாதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் லியொனார்டோ டா வின்சியை அழைத்துவந்தார். பறக்கும் பொறியை 500 ஆண்டுகளுக்கு முன்பே வரைந்தவர் என்றார். வரைந்தார், மறுக்கவில்லை. அந்த வரைபடத்தில் ஏறி எவரும் மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வரைகூடப் போனதில்லை. மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், காற்றை ஊதிச் சோதிக்கும் கூண்டாகச் சிறியதொரு காற்றுச் சுரங்கம் செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1903 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தபோது, அது 12 நொடிகள் நீடித்தது. கடந்த தொலைவு 120 அடி. நடுவர் அவர்கள் மேடையிலிருந்து இறங்கிக் காப்பி குடிக்கப் போகும் தொலைவுதான்.

மணியின்மேல் நடுவரின் கை போவது தெரிகிறது. சற்றுப் பொறுக்க வேண்டும். அப்பத்தாவைக் கண் தெரியாமல் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் சில விமானிகளின் கண்களுக்குள் போய்த் தங்கின. அந்தச் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்காமல் சும்மா இருப்பதை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். கண் இதை ஏற்றுக்கொள்ளுமானால், புரை விழுந்த வில்லையை எடுத்த இடத்தில் இதே பொருளில் வில்லை செய்து வைத்தால் என்ன என்று எண்ணினார். 1949-இல் வைத்தும் காட்டினார். இதைவிட அழகான படைப்பாற்றலை நான் அறிந்ததில்லை. மருத்துவ உலகம் அவரைப் பல ஆண்டுகள் ஏசியது, அது தனிக்கதை.

ஆனால் அப்பத்தாவின் கண்ணில் புரை முற்றிய காலத்தில் அந்த வில்லை எங்கோ வெளிநாட்டில், ஏறத்தாழ நூறு டாலர் விலையில் இருந்தது. இங்கே ஏழைகளுக்குக் கிடைத்தது புரையை எடுத்துவிட்டு மாட்டும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976-இல், ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்கள் அவருக்கு. அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டு அறுவை செய்தவர் அவர். அறுவை அரங்கில் இரண்டு மேசைகளை அருகருகே போட்டு, ஒரு நோயாளிக்கு முடிந்ததும் மருத்துவர் அப்படியே அடுத்த மேசைக்குத் திரும்பும்படி அமைத்தார்கள். வில்லையின் விலை குறையவில்லை என்றதும் 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே ஆலை தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு அதை இறக்கினார்கள். புதிதாக எதைக் கண்டுபிடித்தார்கள் என்று எதிரணி கேட்கும், கேட்கட்டும்.

1996-இல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. அப்பத்தாவை முகாம் பேருந்தில் மதுரைக்கு அழைத்துப்போனார்கள். நாங்கள் ஒரு காசு கொடுக்கவில்லை. 1949-இல் லண்டனில் தோன்றிய ஓர் எண்ணம் 47 ஆண்டுகள் நடந்து வந்து என் அப்பத்தாவின் வலது கண்ணுக்குள் உட்கார்ந்தது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, பேரன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார் என்று தலைசீவிப் பவுடர் பூசிக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டி நேரே அடுக்களைக்குப் போனார். அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகளாகச் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்த அந்த இயந்திரத்தின் அருகில் குனிந்து நின்று பார்த்தார். கல் சுற்றிக்கொண்டிருந்தது. குழவி சும்மா நின்றிருந்தது.

"அடியே, குழவி நிக்குது, கல்லு சுத்துதுடி" என்று அம்மாவிடம் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தனை வருசம் நான்தான் மாத்திச் சுத்திட்டனா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது உள்ளங்கையை விரித்துக் கண்ணருகே கொண்டுபோனார். அந்த நான்கு காய்ப்புகளும் மென்மையாகி, ஏறக்குறைய மறைந்திருந்தன. அவை எங்கே என்று விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

நடுவர் அவர்களே, இப்போது மணியை அடித்துக்கொள்ளலாம்.