ஸ்டீரியோ இருக்கட்டும், ஸ்பீக்கரை மாற்றலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்ற இப்போது பலருக்கு மனம் வருவதில்லை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், போன் இணைப்பு எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கிறது. அதனால் ஸ்டீரியோவை அப்படியே விட்டு, ஸ்பீக்கரை மட்டும் மாற்றுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ கார் சாமான் கடையில் போய் நின்றதும் கண்ணில் படுவது, பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 300 வாட்ஸ், 400 வாட்ஸ். அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

காரணம் ஸ்டீரியோவுக்குள் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். மின்தடை 4 ஓம் உள்ள ஸ்பீக்கருக்கு அதை வைத்து ஒலி சிதையாமல் எவ்வளவு கொடுக்க முடியும்? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, 4 ஓமின் இருமடங்கான 8ஆல் வகுத்தால் 26 வாட்ஸ் வரும். உள்ளே ஆகும் இழப்பைக் கழித்தால், ஒரு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது 15 முதல் 20 வாட்ஸ். முகப்பில் நாலு ஸ்பீக்கருக்கும் தலா ஐம்பது வாட்ஸ் என்று போட்டிருந்தாலும் நிலைமை இதுதான். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஸ்டீரியோவுக்குள் தொடர்ந்து 144 வாட்ஸுக்கு மேல் போகவே வழியில்லை; 200 வாட்ஸ் எப்படி வெளியே வரும்?

ஆகவே, கிடைக்கிற 15 வாட்ஸில் யார் நன்றாகப் பாடுவார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். அதைச் சொல்லும் எண்ணுக்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் என்பது அது. 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி சக்தி போதும். 87 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தருகிற சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்ஸிலேயே தந்துவிடும். ஸ்டீரியோவை மாற்றப்போவதில்லை என்றால் 90க்குக் குறையாமல் வாங்குங்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கர் போட்டும் பழையதை விடச் சத்தம் குறைந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு எடை குறைவு, சின்ன சக்திக்கே அசையும். கனமான கூம்பு உள்ள 86 டெசிபல் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில கம்பெனிகள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட்ஸ். எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பெட்டியிலோ கையேட்டிலோ பாருங்கள். வாட்ஸைப் பொறுத்தவரை, தொடர்ந்து தாங்கும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண் 40, 50 இருந்தால் தாராளம்.

அடுத்தது ஓம். பழைய ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 2 ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், அந்த வண்டியில் கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கக்கூடும். அங்கே 4 ஓம் போட்டால் சத்தம் இறங்கும். மாறாக, 4 ஓமுக்கென்று செய்த ஸ்டீரியோவில் 2 ஓம் மாட்டினால் உள்ளே இருக்கிற ஐ.சி. சிப் சூடேறும்.

டேஷ்போர்டிலோ கண்ணாடித் தூணிலோ தனியாகச் சின்ன ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான ஸ்பீக்கர், இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் கதவு ஸ்பீக்கருக்குப் போகிற அதே வயரில் ஒரு கெப்பாசிட்டர் வழியாக அது இணைந்திருக்கும். கதவில் புதிதாகக் கோ-ஆக்சியல் போட்டால், அதன் நடுவிலும் ஒரு ட்வீட்டர். இரண்டும் சேர்ந்து பாடும்போது நாதஸ்வரமும் பெண் குரலும் காதைக் கீறும். பழைய ட்வீட்டரின் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி விடுங்கள். அல்லது கதவு ஸ்பீக்கரும் ட்வீட்டரும் தனித்தனியாக வரும் கம்போனன்ட் செட் வாங்கி, பழைய ட்வீட்டர் இருந்த இடத்திலேயே புதியதை வையுங்கள். பாட்டு முழங்காலருகே கேட்காமல் கண்ணெதிரே கேட்க வேண்டுமென்றால் இரண்டாவது வழியே நல்லது.

அளவில் ஏமாறுவது விட்டத்தில் இல்லை, ஆழத்தில். ஆறரை அங்குலம் என்று வாங்கி வருவோம். கண்ணாடியை இறக்கினால் காந்தத்தில் போய் இடிக்கும். கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம் வைத்தால் அவ்வளவு இடம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் முன்பக்கம் கதவின் உள் உறையான டோர் பேடின் சல்லடை கூம்பில் உரசாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வளையம் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். கண்ணாடி ஓரமாக இறங்குகிற மழைத்தண்ணீர் கதவுக்குள் வழிந்து அடித்துளை வழியாக வெளியேறுவது எல்லா வண்டியிலும் இயல்பு. ஆனைமலை, வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஓடுகிற வண்டியில் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். வளையம் ஊறி உப்பி, திருகு பிடிப்பை விட்டுவிடும். கூம்பின் ஓரப்பட்டை ரப்பரில் இருப்பது மேல். ஈரோடு, கரூர்ச் சித்திரை வெயிலில் நிற்கிற வண்டியில் ஃபோம் பட்டை சீக்கிரம் பொடியாகும்.

மாட்டும்போது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க விடாதீர்கள். கிழிந்தால் தண்ணீர் காருக்குள் வரும். கம்பெனி ஸ்பீக்கர் ரிவெட்டில் இருந்தால் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த இரும்புத்தூளைச் சுத்தமாகத் துடைத்து எடுத்த பிறகே புதிய ஸ்பீக்கரின் பெட்டியைப் பிரியுங்கள். காந்தம் அதை இழுத்துக்கொண்டால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளில் உரசிக் கரகரக்கும். வயரை வெட்டாமல், உங்கள் வண்டிக்கான அடாப்டர் கப்ளர் வாங்குங்கள். வயரை வெட்டினால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும்.

பிளஸ், மைனஸ் தெரியாவிட்டால் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவில் மட்டும் மாறிப்போனால் பேஸ், அதாவது கனத்த அடி ஒலி, காணாமல் போகும். பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளினால் பேஸ் நன்றாகவும், நடுவில் வைத்தால் மெலிந்தும் கேட்டால் இதுதான் கோளாறு.

ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே ஃபோம் பட்டை ஒட்டி, காற்று கசியாமல் அடைக்க வேண்டும். கதவின் வெளித்தகட்டில் உள்பக்கமாகப் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினால் அதிர்வு அடங்கும். அடித்துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும். அவற்றில் பெரிய துளைகளை அடைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஸ்பீக்கருக்கு 5,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால், அதில் ஒரு பங்கை இந்த ஷீட்டுக்கும் வளையத்துக்கும் வைப்பதுதான் என் சிபாரிசு.

கடைக்குள் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றுகிற வெளியில், எதிர்காற்றில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் பேஸைத்தான் முதலில் விழுங்கும். அதை ஈடுகட்ட பேஸை முழுக்கத் திருகி வால்யூமையும் ஏற்றினால், ஸ்டீரியோ தன் எல்லையைத் தாண்டி ஒலியின் முனையை வெட்டித் தள்ளும். வெட்டுப்பட்ட ஒலியில் தேவையில்லாத உச்ச அலைகள் கூடி ட்வீட்டரை எரிக்கும். 50 வாட்ஸ் ஸ்பீக்கர் 20 வாட்ஸ் ஸ்டீரியோவில் பழுதாவது இப்படித்தான். ஸ்டீரியோவில் அடி ஒலியைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லாவிட்டால் பேஸை இரண்டு புள்ளிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களைக் கடையிலேயே விட்டுவிடாமல் திருகுகளோடு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வண்டியை விற்கும்போது அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியவற்றை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.