‘வா’வில் தொடங்கும் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ் அகராதியில் ‘வா’ பகுதியைக் கொஞ்சம் புரட்டுவோம். வாசல், வாடகை, வாத்தியார், வாபஸ், வாய்தா, வாராவதி, வாரிசு, வாழை. சென்னையில் ஒருநாள் சுற்றி வந்தால் இவற்றில் பாதியாவது காதில் விழும். பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று தோன்றும். ஆனால் அகரவரிசை தேடும் வசதிக்காக வந்த ஏற்பாடு. சொல்லின் உறவை அதை வைத்துச் சொல்ல முடியாது.

வாய்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையில் உயர்நீதிமன்றப் பக்கம் போனால், “அடுத்த வாய்தா எப்போ?” என்று யாராவது யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் எனக்கு அதற்கு விளக்கமே சொன்னார்: “ஜட்ஜ் ஐயா வாயால தேதி தர்றாரு சார், அதான் வாய்தா.” கேட்க அழகாக இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் வாயும் இருக்கிறது, தாவும் இருக்கிறது. இருந்தாலும் சொல் அரபி. வாக்குறுதி என்று பொருள்படும் ‘வஅதா’, உருது வழியாக இங்கே வந்தது. ‘இந்தத் தேதிக்குள் முடித்துவிடுகிறேன்’ என்று கொடுக்கும் வாக்கு மெல்லத் தவணை என்ற பொருளுக்கு நகர்ந்தது. நிலவரி கட்டும் தவணைக்கும், வழக்கு தள்ளிப்போகும் தேதிக்கும் அதுவே பெயரானது. மராத்தியிலும் ‘வாய்தா’ உண்டு. ஆனால் அங்கே வாய்க்குப் பெயர் ‘தோண்ட்’. நம் வாயிலிருந்து பிறந்த சொல் என்றால் அங்கே அது எப்படிப் போயிருக்கும்?

தாலுகா அலுவலகத்தில் கேட்கும் வாரிசும் அரபிதான். வாபஸ் பாரசீகம். வாடகை, ‘பாடக’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் வழி வந்தது.

வாத்தியார் கதை வேறு. உபாத்தியாயர் என்ற சொல் தேய்ந்து வாத்தியாராகிவிட்டது. முதலில் இருந்த ‘உ’வே போய்விட்டதால், முதலெழுத்தை வைத்துத் தேடினால் இதன் மூலம் கிடைக்கவே கிடைக்காது.

சரி, உண்மையான உறவுக்காரர்கள் எங்கே? வாசலில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வாய் போல இருப்பது வாயில். ‘இல்வாய்’ என்று வரவேண்டியது முன்பின்னாக மாறி நிற்கிறது. இதை இலக்கணப்போலி என்பார்கள். உயிரைப் பேச்சில் உசிர் என்கிறோமே, அதே போல வாயில் வாசலானது. இப்போது கன்னடம் பேசுகிறவரைக் கேளுங்கள். அவருக்கு வாசல் ‘பாகிலு’, வாய் ‘பாயி’, வாழை ‘பாளெ’, வா என்று கூப்பிடுவது ‘பா’. பஸ் என்று சொல்லும்போது வருகிற ‘ப’ அது. நம் ‘வ’ நிற்கும் இடத்தில் அங்கே அந்த ஒலி நிற்கிறது, அதுவும் ஒன்றிரண்டு சொல்லில் அல்ல, வரிசையாக. எழுத்து வேறு, ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்கு இந்த ஒழுங்குதான் சாட்சி.

இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நம் ஊரில்தான் சூடுபிடித்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை அடுக்கிக் காட்டி, இவை ஒரே குடும்பத்து மொழிகள், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-இல் எழுதினார். இதே கருத்துக்காகப் பலரும் நினைவில் வைத்திருக்கும் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல். இடையில் நாற்பது ஆண்டுகள்! எல்லிஸுக்குச் சேரவேண்டிய பெயர் இன்னும் முழுதாகச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், வாராவதி. சென்னையின் பழைய ஆட்கள் பாலத்தை அப்படித்தான் சொல்வார்கள். இளையவர்களுக்கு அது ஏதோ ஊர்ப்பெயர் போலக் கேட்கும். தெலுங்கில் ‘வாரதி’ என்றால் பாலம்தான். இரண்டு மொழியும் கலந்து புழங்கிய ஊர் இது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. அது வழக்கொழிந்துபோவதில் எனக்கு வருத்தம்தான். வீட்டில் தாத்தா பாட்டி யாராவது இன்னும் சொன்னால், எந்தப் பாலத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராக இருந்தார். வேற்றுமொழியிலிருந்து வந்த சொல் என்றால் மூலமொழியையும் அதில் குறித்திருப்பார்கள். இப்போது இணையத்திலும் தேடலாம். ‘வா’ முடிந்ததும் ‘சா’வுக்குப் போங்கள். சாவி போர்த்துக்கீசியம், சாட்சி சமஸ்கிருதம், சாமான் பாரசீகம், சாறு நம்முடையது.

நன்றி, வணக்கம்.