கோடையில் பிழைத்து ஜனவரியில் சாகும் பெட்டி: பழைய டிவி கன்வெர்ட்டரைப் பழுது பார்ப்பது

(காட்சி: மேசை விளக்கின் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பெட்டி. முகப்பில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்து அணைகிறது.)

வணக்கம். இந்தப் பெட்டி என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. சிகாகோ புறநகரில் எங்கள் தெருவில் இன்னும் பிக்சர் டியூப் டிவி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். ஜனவரி மாதம், வெளியே உறைபனி. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "செத்துவிட்டது" என்றார். திரும்பிப் போகும்போது வாசலில் நின்று, "கோடையில் நன்றாகத்தான் வேலை செய்தது" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாதி நோயை அந்த வாக்கியமே சொல்லிவிட்டது. எப்படி என்பதைப் பெட்டியைத் திறக்கும்போது பார்ப்போம்.

(காட்சி: பெட்டியின் பின்புறம். ஆண்டெனா செருகும் இடம், மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள்.)

இது என்ன பெட்டி என்று கேட்பவர்களுக்காக ஒரு சுருக்கம். 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத் திறன் தொலைக்காட்சி நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. முதலில் குறித்த நாள் பிப்ரவரி 17. மக்கள் இன்னும் தயாராகவில்லை என்று சட்டம் போட்டுத் தள்ளிவைத்தார்கள். கேபிள் இல்லாமல் ஆண்டெனாவை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு, டிஜிட்டல் அலையைப் பழைய டிவிக்குப் புரியும்படி மாற்றித்தர ஒரு பெட்டி தேவைப்பட்டது. அரசே 40 டாலர் கூப்பன் கொடுத்தது. வீட்டுக்கு இரண்டு கூப்பன், 90 நாளில் காலாவதி. கூப்பனுக்குத் தகுதி பெற வேண்டுமானால் பெட்டியில் எச்டிஎம்ஐ இருக்கக் கூடாது, பதிவு செய்யும் வசதியும் கூடாது. மாற்றித்தருவது ஒன்றுதான் அதன் வேலை. அதனால்தான் இதன் பின்புறம் இவ்வளவு காலியாக இருக்கிறது.

நம் ஊர் கேபிள் செட்டாப் பாக்ஸில் சந்தா உண்டு, அட்டை உண்டு. இதில் அதெல்லாம் கிடையாது. ஆனால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் பகுதி இரண்டிலும் ஒரே ஜாதி. அதனால் மதுரையிலிருந்து பார்ப்பவர்களுக்கும் இந்த வீடியோவின் பின்பாதி உதவும்.

(காட்சி: டிவி திரையில் புள்ளிகள். ரிமோட்டில் 3 என்ற எண் அழுத்தப்படுகிறது. படம் தெரிகிறது.)

திருப்புளியைத் தொடும் முன் சிலவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். பெட்டியை ஆண்டெனா வயர் வழியாக டிவியோடு இணைத்திருந்தால் டிவி 3 அல்லது 4-ஆம் சேனலில் நிற்க வேண்டும். பேரப்பிள்ளை ஒருமுறை டிவி ரிமோட்டை அழுத்திவிட்டுப் போனதால் "பெட்டி கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் முனையைக் கைபேசிக் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பல கைபேசித் திரைகளில் வெளிர் ஊதாவாகத் தெரியும். இவ்வளவுதான், அடுத்ததற்குப் போவோம்.

"பெட்டி வேலை செய்கிறது, ஒரு சேனல் மட்டும் காணாமல் போய்விட்டது" என்றால் பெட்டியைத் திட்டாதீர்கள். அந்தச் சேனல் வீடு மாறியிருக்கலாம்.

(காட்சி: பலகையில் மூன்று எண்கள்: 7, 44, 22.)

எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். சிகாகோவில் டபிள்யூஎல்எஸ் என்ற நிலையம் காலங்காலமாகச் சேனல் 7. 2009 ஜூனில் டிஜிட்டலுக்கு மாறியபோது அதே 7-ஆம் அலைவரிசையில் ஒளிபரப்பியது. அது விஎச்எஃப் வரிசை, அதாவது அலைநீளம் கூடிய வரிசை. அறைக்குள் வைக்கும் சின்ன ஆண்டெனாக்களுக்கு அந்த அலை சரியாகப் பிடிபடவில்லை. புகார்கள் குவிந்தன. அதே ஆண்டிலேயே நிலையம் 44-க்குப் போனது. பிறகு 38 முதல் 51 வரையிலான அலைவரிசைகள் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலத்தில் போயின. 2017-இல் முடிந்த அந்த ஏலத்தில் திரண்ட தொகை 1,900 கோடி டாலருக்கு மேல். அந்த வரிசையில் இருந்த முழுத் திறன் நிலையங்கள் எல்லாம் 2020 நடுப்பகுதிக்குள் இடம்பெயர வேண்டியிருந்தது. 44-உம் கிளம்பி 22-க்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை இடமாற்றத்துக்குப் பிறகும் திரையில் 7 என்றுதான் காட்டும். நிலையம் தன் பெயர்ப்பலகையைக் கூடவே சுமந்துகொண்டு போகிறது. பெட்டியோ கடைசியாகத் தேடியபோது குறித்துவைத்த பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. சிக்னல் இல்லை என்று அது சொன்னால், அதைப் பொறுத்தவரை உண்மைதான்.

சேனல்களை மறுபடி தேடச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில பெட்டிகள் பழைய பட்டியலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்டெனா வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை தேடச் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்காது, பட்டியல் காலியாகும். பெட்டியை மின்சாரத்திலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து ஆண்டெனாவோடு மறுபடி செருகித் தேடுங்கள்.

படம் சதுரம் சதுரமாக உடைந்து, குரல் விக்கினால் ஆண்டெனாவையும் அதன் வயரையும் சந்தேகியுங்கள். அனலாக் படம் மெல்ல மெல்ல மங்கும். டிஜிட்டல் அப்படி இல்லை, கடைசிவரை பளிச்சென்று இருந்துவிட்டுச் சட்டென்று விழும். மெனுவில் சிக்னல் அளவைக் காட்டும் பட்டை இருக்கும். ஆண்டெனாவை ஒரு சாண் நகர்த்திப் பார்த்தாலே அது ஏறி இறங்குவது தெரியும்.

(காட்சி: பெரியவரின் பெட்டி. மின்சாரம் கொடுக்கப்படுகிறது. சிவப்பு விளக்கு மினுக்குகிறது, அணைகிறது, மறுபடி மினுக்குகிறது.)

இந்தப் பெட்டியின் கதை வேறு. இது தொடங்கப் பார்க்கிறது, முடியாமல் விழுகிறது, மறுபடி எழப் பார்க்கிறது. இதுதான் திறக்க வேண்டிய பெட்டி.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். சுவர் மின்சாரத்தை நேராக வாங்கும் பெட்டிகளில் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஒரு பெரிய உருளை, அதாவது கெப்பாசிட்டர், இருக்கும், 200 அல்லது 400 வோல்ட் என்று எழுதியிருக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட் அதற்குள் ஏறத்தாழ 170 வோல்ட்டாக நிற்கும். இந்தியாவின் 230 வோல்ட் என்றால் 325. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருக்கலாம். திருப்புளியை வைத்துப் பொறி பறக்கவிடும் வீரம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளங்கள். மிச்சம் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே வைத்து வடித்துவிடுங்கள். பிறகு மறுபடி அளங்கள். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: மூடி கழன்றுவிட்டது. கேமரா ஒரு விரல்நுனி அளவுள்ள உருளையை நெருங்குகிறது.)

இதோ. இந்த உருளைகளின் தலையில் சிலுவை போல ஒரு கீறல் தெரிகிறதா? உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாக வாய் திறக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். இடப்பக்கம் இருப்பதைப் பாருங்கள், தட்டை. வலப்பக்கம் இருப்பதை விரலால் தடவுகிறேன், பூரி போல உப்பியிருக்கிறது. ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த கசிவும் தெரிகிறது. 1,000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். சூடாகும் டயோடுக்கு விரற்கடை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கேயா வைப்பது!

நம் ஊரில் மின்விசிறி சுற்றாவிட்டால் "கண்டென்சர் போய்விட்டது" என்பார்களே, அதே குடும்பம்தான், வகை வேறு. இதற்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. மின்சாரப் பகுதி நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் மின்னழுத்தத்தை இதுதான் சமனாக்குகிறது. வெப்பத்தில் அந்தத் திரவம் வற்றும், வற்ற வற்ற உள்தடை ஏறும். பெட்டியின் மூளையான சிப் விழித்தெழுந்து ஒரே மூச்சில் மின்னோட்டம் கேட்கும்போது இந்தக் கெப்பாசிட்டரால் ஈடுகொடுக்க முடியாது. சிப்புக்குப் போகும் 5 வோல்ட் 4-க்குக் கீழே சரியும், சிப் மயங்கும், திரும்பத் தொடங்கும். முகப்பில் நாம் பார்த்த மினுக்கல் அதுதான்.

இப்போது கோடைக் கதைக்கு வருவோம். குளிரில் அந்தத் திரவம் இறுகும், உள்தடை இன்னும் ஏறும். பெரியவரின் டிவி இருப்பது நிலவறையில். ஜூலையில் அரைகுறையாகத் தாங்கிய கெப்பாசிட்டர் ஜனவரியில் படுத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: பிளக்கைப் பிடுங்கிய நிலையில், மூடியின் துளைகள் வழியாகத் தலைமுடி உலர்த்தியால் இரண்டு நிமிடம் சூடு காட்டிவிட்டுப் பிறகு செருகுங்கள். பெட்டி எழுந்துகொண்டால் கெப்பாசிட்டரை நம்பி வாங்கலாம்.

இது எத்தனை ஆண்டு உழைக்கும்? கெப்பாசிட்டரில் 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி நேரம், அதாவது ஓயாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்றுமேல். 45 டிகிரியில் 14 ஆண்டைத் தாண்டும். டிவியின் சூடான தலைமேல் பெட்டியை வைத்து, அதன்மேல் துணி விரித்து, பூச்சாடியும் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

(காட்சி: சால்டரிங் அயர்ன். பழைய கெப்பாசிட்டர் கழற்றப்படுகிறது.)

மாற்றுவது கடினமில்லை. மைக்ரோஃபாரட் அதே அளவு. வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி கூட, 10-க்குப் பதில் 16 வைக்கலாம். 105 டிகிரி வகையாகவும், உள்தடை குறைந்த வகையாகவும் கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டால் ஒரு வருடத்தில் மறுபடி இதே மேசைக்கு வருவீர்கள். உருளையின் ஒரு பக்கத்தில் ஓடும் பட்டை கழித்தல் முனையைக் குறிக்கும். பழையதைக் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள், திருப்பிப் போட்டால் வெடிக்கும். உப்பியது ஒன்றுதான் என்றாலும் அதன் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிகளையும் மாற்றிவிடுங்கள். அவர்களும் அதே சூட்டில்தான் வெந்திருக்கிறார்கள்.

மீட்டரில் மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டுகிறதே என்று சில நேரம் ஏமாறுவோம். அளவு சரியாக இருந்தும் உள்தடை ஏறியிருக்கலாம், சாதாரண மீட்டர் அதைக் காட்டாது.

தனி அடாப்டர் உள்ள பெட்டியாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், முனையின் கூட்டல் கழித்தல் குறி அதே மாதிரி உள்ள இன்னொரு அடாப்டரைச் செருகிப் பார்த்தால் பாதிப் பழுது தெரிந்துவிடும். ஆண்டெனா செருகும் இடத்தை ஆட்டினால் படம் வந்து போனால், அதன் நடுமுனையில் ஈயப் பற்று விட்டிருக்கும், மறுபடி பற்றவைத்தால் போதும். மின்னழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி எழவில்லை என்றால் பெரும்பாலும் பெரிய சிப் போயிருக்கும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு பெட்டி வாங்குவது மேல். இன்னொன்று: 2017-இல் அனுமதி பெற்ற அடுத்த தலைமுறை ஒளிபரப்பு இந்தப் பெட்டிகளுக்குப் புரியாது. எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினாலும் புரியாது.

(காட்சி: மூடி மாட்டப்படுகிறது. பிளக் செருகப்படுகிறது. சிவப்பு பச்சையாகிறது.)

5 வோல்ட் இடத்தில் 5.04 காட்டுகிறது, அசையவில்லை. ஆண்டெனாவைச் செருகித் தேடச் சொல்கிறேன். எண்ணிக்கை ஏறுகிறது, பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. 7-உம் வந்துவிட்டது, வானிலை அறிக்கை ஓடுகிறது. நாளையும் உறைபனிதான். பெட்டியை இன்றிரவு என் வீட்டுக் குளிர்ந்த கார் கொட்டகையில் வைத்திருந்து, காலையில் அங்கேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரியவரிடம் கொடுப்பேன்.