நிலவறையா, மேல்தளமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெரிய நிறுவனங்களைச் சாராமல் எடுக்கும் சுயாதீனப் படம், சண்டைப் படம், பேய்ப்படம் ஆகிய மூன்றையும் பற்றி ஒரே மேடையில் பேசுமாறு இந்தத் திரைப்படச் சங்கத்தார் என்னைப் பணித்தபோது, ஒட்டாத மூன்றை எப்படிக் கோப்பது என்று முதலில் தயங்கினேன். ஆயினும் முப்பது ஆண்டுகளாக இவற்றை விடாமல் பார்த்துவரும் ரசிகன் என்ற முறையில் எனக்குப் பிடித்த படங்களை எண்ணிப் பார்த்தபோது, அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை தென்பட்டது. கதை நிகழும் இடம் எனக்கு அத்துப்படியாகியிருக்கிறது. கதவு எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே, யார் எதன் பின்னால் நிற்கிறார் என்பதெல்லாம் வீடு திரும்பிய பிறகும் மனத்தில் நிற்கின்றன.

இன்றைய பல பெரிய படங்களில் ஒரு குத்து முதல் ஷாட்டில் தொடங்கி மூன்றாவது ஷாட்டில் முடிகிறது. அடித்தவர் யார் என்று விளங்குவதற்குள் அடிபட்டவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்துவிடுகிறார். கோடிகளைக் கொட்டி எழுப்பிய அரங்கம் எப்படி இருந்தது என்று கேட்டால் நம்மால் சொல்ல இயலாது. வேல்ஸ் நாட்டவரான கேரத் எவன்ஸ் இந்தோனேசியாவில் எடுத்து 2011இல் வெளிவந்த ‘தி ரெய்டு’ இதற்கு நேர்மாறானது. ஒரே அடுக்குமாடிக் கட்டடம். உள்ளே சிக்கிக்கொண்ட காவலர்கள். மேல்தளத்தில் ஒரு தாதா. சிலாட் என்னும் தற்காப்புக் கலை பயின்ற நடிகர் இக்கோ உவைஸ் அதன் நடைவழியில் மோதும்போது சண்டையின் போக்கை அந்த நடைவழியின் அகலமே தீர்மானிக்கிறது. சுவரும் கதவு நிலையும்கூட அங்கே ஆயுதங்களாகிவிடுகின்றன.

பேய்ப்படத்துக்கும் இதே கணக்குதான், ஒரு சிறு மாற்றத்தோடு. சண்டையில் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டும். திகிலில் ஒருவர் மட்டும் எங்கே என்பது தெரியக்கூடாது. ஜான் கார்பென்டர் 1978இல் சிறிய பட்ஜெட்டில் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தில், அகன்ற திரையின் ஓரத்தில் முகமூடி மனிதன் சும்மா நிற்பான். இல்லினாய் மாநிலத்து இலையுதிர் காலமாக நாம் நம்பும் அந்தத் தெருக்கள் உண்மையில் வசந்தகாலக் கலிபோர்னியாவின் தெருக்கள். உதிர்ந்த இலைகளுக்கு வண்ணம் பூசித் தூவி, பின்பு பொறுக்கியெடுத்து மீண்டும் பயன்படுத்தினார்கள். காதைப் பிளக்கும் திடீர் ஓசையால் நாற்காலியிலிருந்து துள்ளவைப்பதை நான் பயமுறுத்தல் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதற்குத் தீபாவளி வெடியே போதும். தமிழில் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’, 2012இல், ஒரு பங்களாவை டார்ச் விளக்கின் வட்டத்துக்குள் மட்டும் காட்டி நம்மை மூச்சடக்கி உட்காரவைத்தது. அதன் முடிச்சை இங்கே அவிழ்த்து, பார்க்காதவர்களின் சாபத்தை வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இடத்தை இப்படி மனத்தில் பதியவைப்பது சுயாதீனக் கலைஞர்களுக்கு எளிதில் கைவரக் காரணம், அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு வீடு அல்லது ஒரே ஒரு ஊர் என்பதுதான். ராபர்ட் ரோட்ரிகஸ் 1992இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் மெக்சிகோவின் எல்லையோர ஊர் ஒன்றில் எடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, மருந்துச் சோதனைக்குத் தம் உடலையே ஒப்புக்கொடுத்துச் சம்பாதித்தது. கேமராவை நகர்த்தச் சக்கர நாற்காலி. ஒலியைத் தனியே பதிவுசெய்ததால், உதட்டசைவு பொருந்தாத இடங்களில் அவர் வேறு ஷாட்டுக்குத் தாவினார்; அப்படத்தின் துள்ளலான வேகத்துக்கு அந்தப் போதாமையும் ஒரு காரணம். சற்று முன் வேகமான வெட்டுகளைச் சாடிய நான் இதை மட்டும் ஏற்பது முரண்தான். ஆனால் அந்த ஊரின் தெருக்களில் என்னால் வழி தவறாமல் நடக்க முடியும் என்று தோன்றுகிறது.

இன்று திரையிடப்போவது 1968இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும், இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டில் இதை எடுத்தனர். இரத்தமாகத் தெரிவது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது செல்லுபடியாயிற்று. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அமெரிக்காவில் இது யாரும் திரையிடக்கூடிய பொதுச்சொத்தாகி, எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் பெருமளவு கைநழுவியது.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. வெளியே எழுந்து நடமாடும் பிணங்கள் வீட்டைச் சூழ்ந்திருக்க, உள்ளே இருவர் ஓயாமல் வழக்காடுகிறார்கள். ஒரே கதவுள்ள நிலவறைதான் பாதுகாப்பு என்கிறார் ஒருவர். தப்பியோட வழியில்லாத அது சாவுப்பொறி, நிலவறைக்கு மேலுள்ள தளத்திலேயே பலகை அடித்துக் காப்போம் என்கிறார் மற்றவர். இருவரில் யார் கூறியது சரி என்பதில் நான் இதுவரை மூன்று முறை கட்சி மாறியிருக்கிறேன். நீங்கள் எந்தக் கட்சி என்பதைப் படம் முடிந்ததும் தேநீரோடு பேசுவோம். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.