வகுபடாத வரிகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள்

மரியாதைக்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் வடிவியலைப் பற்றி மிக அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிய கணித மன்றச் செயலாளர் அவர்களே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

காரணி, மடங்கு, பகா எண் என்று மூன்று பொருள்களில் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் காரணி. 12-ஐ மீதியில்லாமல் வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12. இவை ஜோடி ஜோடியாகத்தான் வரும்: 1-க்கு 12, 2-க்கு 6, 3-க்கு 4. ஜோடியில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் அடங்கியே தீரும். இரண்டும் அதைத் தாண்டினால் பெருக்கிவரும் தொகை அந்த எண்ணையே தாண்டிவிடும் அல்லவா? ஆகவே ஓர் எண் பகா எண்ணா, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் பெரியவர்கள். வகுப்பதற்கும் அந்த அளவு உண்டு.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்புத் தேர்வில் ‘223 பகா எண்ணா?’ என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவியின் தாளில் அந்த இடம் காலி. சுழியம் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது விரலில் ஏதோ சொரசொரப்பாகத் தட்டியது. ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழியும் நிலையில் இருந்தது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் அழுந்திய தடம் வரிவரியாகத் தெரிந்தது. 2-ஆல் வகுத்து மீதி 1. 3-ஆல் வகுத்து மீதி 1. 5-க்கு 3, 7-க்கு 6, 11-க்கு 3, 13-க்கு 2. அடுத்த வரியில் 17 × 17 = 289 என்று எழுதி அதோடு நிறுத்தியிருந்தாள். 289 பெரிது, இனிமேல் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அளந்து போட்டிருக்கிறாள்!

மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்மா அழிச்சே?”

“எதுலயுமே மீதி இல்லாம வரலை சார். எல்லாம் தப்புன்னு நெனச்சிட்டேன்.”

ஆறு முறையும் மீதி வந்ததுதானே விடை! இந்த வழியில் பகா எண்ணுக்கு வேறு சான்று எங்கே இருக்கிறது? வகுபட்டால்தான் கணக்கு சரி என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். சுழியத்தை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். ஆனால் அழிந்த வரிகள் அழிந்தவைதான்.

2-இன் 67-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அது பகா எண் அல்ல, வேறு எண்களாலும் வகுபடும் பகு எண் என்று 1876-இல் லூக்கா என்ற கணித அறிஞர் நிறுவினார். ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை. 27 ஆண்டு கழித்து, 1903-இல், கோல் என்ற பேராசிரியர் கணிதர் சபையில் கரும்பலகையில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டினார். அதைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அத்தனை ஞாயிறுகளிலும் அவர் கண்ட தோல்விகளை யாரும் ரப்பரால் அழிக்கச் சொல்லவில்லை.

மடங்குகளைப் பற்றியும், மடங்குகளை அடித்துக்கொண்டே போய்ப் பகா எண்களைச் சலித்தெடுத்த எரட்டோஸ்தனிசின் சல்லடையைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். நேரம் முடிந்துவிட்டதென்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பேச்சையும் அளந்துதான் போட வேண்டும். அவருக்கு என் நன்றி.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்வில் 221-ஐயும் 223-ஐயும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 11 வரை இரண்டிலும் மீதி வந்துகொண்டே இருக்கும். 13-இல் முதல் எண் 13 × 17 என்று உடைந்துவிடும். இரண்டாவதில் மீதி 2 நிற்கும். அந்த 2-க்குப் பக்கத்திலும் ஒரு சரி போடுங்கள். வணக்கம்.