கடன் படிவத்தில் இல்லாத கட்டம்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, வணக்கம்.

முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். அதனால் பொருளாதாரத்தை அரிசி ஆலையிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும். புழுங்கல் அரிசி ஆலைக்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், மூன்று வருஷக் கணக்கைப் பார்த்தேன். நெல் ஊறிய தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. ஆலை பெருத்தது. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. பக்கத்து வாய்க்காலில் கால் வைக்க முடியாத நாற்றம். எங்கள் ஏட்டில் அது நல்ல கடன்!

நாலு காசு சேர்ந்தால் சுத்தம் தானாக வரும் என்பார்கள். 1991இல் க்ராஸ்மன், க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாட்டு நகரங்களின் காற்றை ஆராய்ந்தார்கள். வருமானம் கூடும்போது கந்தக டை ஆக்சைடும் புகையும் முதலில் ஏறி, பிறகு இறங்குவதைக் கண்டார்கள். சரி. கந்தகம் மூக்கைத் துளைக்கும், ஊர் சத்தம் போடும், சட்டம் வரும். நிலக்கரியை எரித்தால் வந்து பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதற்காக எந்த ஊர் சத்தம் போடும்?

மின்சாரத்தில் நம் நெல்லைச் சீமை பழம் தின்று கொட்டை போட்டது. பாபநாசத்துத் தண்ணீர் விசையை நம்பி 1880களிலேயே நூற்பாலை வந்தது. 1944இல் நீர்மின் நிலையம். தூத்துக்குடியில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அனல் யூனிட். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் வீதம் இரண்டு உலை ஓடுகிறது. செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்குக் கயத்தாறு பக்கம் காற்றாலைகள்.

இதில் வட்டிக்கு என்ன வேலை? அனல் நிலையம் நிலக்கரியை ஓட ஓட வாங்கிக்கொள்ளலாம். காற்றுக்கு விலை இல்லை. ஆனால் காற்றாலைக்குப் போட வேண்டிய பணத்தில் பெரும்பகுதியை முதல் நாளே போட்டாக வேண்டும். வட்டி ஏறினால் அடி அதிகம் விழுவது காற்றாலைக்குத்தான். 2015இல் ரிசர்வ் வங்கி காற்று, சூரிய ஒளி போன்ற ஆற்றலை முன்னுரிமைக் கடனில், அதாவது வங்கிகள் கட்டாயம் ஒரு பங்கு ஒதுக்க வேண்டிய கடன்களில், சேர்த்தது. 2023 தொடக்கத்தில் மத்திய அரசு 16,000 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழல் திட்டங்களுக்குக் கடன் திரட்டும் பத்திரம், விற்றது. இரண்டையும் நான் தயங்காமல் வரவேற்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அதே ஆலைக்காரர் மறுபடி வந்தார், கூரையில் சோலார் போட. உடனே கொடுத்தோம், மின் கட்டணம் குறையும், தவணை வந்துவிடும். இந்தத் தடவை தண்ணீரைப் பற்றியும் கேட்டேன்.

"சுத்திகரிப்புத் தொட்டி கட்டினா ஒரு பைசா திரும்பாதே. அதுக்கும் கடன் உண்டா சார்?" என்றார்.

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்போதும் அந்தக் கட்டம் இல்லை.