சனிக்கோளின் உறுமி

(திரை இருட்டு. சனிக்கோளின் பதிவு சில விநாடிகள் ஓடுகிறது.)

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து இதைப் போட்டதும், உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுத்தார்: "நாய் அழுவுற மாதிரி இருக்கு, நிறுத்துப்பா." முதல் தடவை கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

பேய்ச் சத்தம் என்று இது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மைக் கதை அதைவிட அழகானது. 2002 ஏப்ரலில், சனிக்கு இன்னும் 37 கோடி கிலோமீட்டர் இருந்தபோதே, காசினி விண்கலம் அங்கிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

விண்வெளியில் ஒலியைச் சுமக்கக் காற்று இல்லை. வருவது ரேடியோ அலைதான். அதைச் சத்தமாக்குவது நம் கருவி. நம் காதுக்கு எட்டுவதற்காகச் சுருதியைப் பல மடங்கு இறக்கியிருக்கிறார்கள், 27 நிமிடத்தை 73 விநாடியாகச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த ஏற்ற இறக்கம் மட்டும் சனியுடையது.

(காட்சி: உறுமி மேளம், நெருக்கத்தில்.)

தைப்பூசத்தில் உறுமி கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியால் தோலை அழுத்தித் தேய்க்கத் தேய்க்கச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். சனியில் தோலுக்குப் பதில் காந்தப்புலம். எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி துருவத்தை நோக்கி இறங்குகின்றன. வளிமண்டலத்தில் மோதினால் வானம் ஒளிரும், அதுதான் துருவ ஒளி. அதற்கு மேலே, கூட்டமாகச் சுழலும் இடத்தில் பிறப்பது இந்த ரேடியோ அலை. கோளை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் பலமாகும், சுழற்சி வேகமாகும், சுருதி ஏறும். அலை பிறக்கும் இடம் காந்தக் கோட்டில் நகரும்போதுதான் இந்த அழுகை கேட்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

பூமியின் துருவ ஒளியும் இப்படிக் கத்துகிறது. ஆனால் நம் வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அந்தக் குறைந்த அதிர்வெண் அலைகளைக் கீழே விடாது. சனியின் அலைகளுக்கும் அதே கதிதான்.

வியாழன் மட்டும் தப்பிவிடுகிறது! கோள்களிலேயே அதன் காந்தப்புலம்தான் மிகப் பலமானது, அதனால் அலைகள் 40 மெகாஹெர்ட்ஸ் அருகே வரை ஏறும். 1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் இருவரும் இதைப் பிடித்தார்கள். ஏதோ வண்டி எஞ்சினின் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். அப்புறம் பார்த்தால், வானத்தில் வியாழன் நகர, இரைச்சலும் கூடவே நகர்ந்திருக்கிறது. வியாழனின் நிலாவான ஐஓ (Io) குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போது இந்த இரைச்சல் இன்னும் அடிக்கடி கிளம்பும்.

(காட்சி: தோட்டத்துத் திடல், இரண்டு கம்பங்கள்.)

சரி, இங்கே எப்படிக் கேட்பது? 20 மெகாஹெர்ட்ஸ் எடுக்கிற ஷார்ட்வேவ் ரேடியோ வேண்டும். அதற்கு ஆன்டெனாவாக ஏழு மீட்டர் சொச்சம் நீளக் கம்பியை நடுவில் இரண்டாகப் பிரித்து, இரு கம்பங்களுக்கிடையே கட்டுங்கள். வியாழன் உயரத்தில் இருக்கும் இரவாக, நடுநிசி தாண்டிய நேரமாகப் பாருங்கள். சில இரவுகளில் ஒன்றும் வராது, பொறுமை வேண்டும்.

நம் ஊரில் ஒரு தொல்லை, இடிமின்னல். மின்னல் "சடார்" என்று கரகரத்து நின்றுவிடும். வியாழன் கடற்கரை அலை மாதிரி எழுந்து அடங்கி, மறுபடி எழும். சில நேரம் தகரக் கூரையில் கைப்பிடிக் கூழாங்கல்லை வீசியது போலப் பொரியும். அப்போது ரேடியோவை அணைக்காதீர்கள்.